வயலின் நின்ற இடம்

அக்கராயன்
12.01.2025

அன்புள்ள நிறஞ்சி,

பாரிஸ் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஐயாவின் இருமல் குறைந்துவிட்டது. வயல் கதிர் முற்றி நிற்கிறது.

போனில் கதைக்காமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன புதன்கிழமை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். புலனாய்வுக்காரர் என்று கண்டவுடனே தெரிந்தது. சாதாரண உடுப்பு, நல்ல தமிழ். "நீங்கள்தானே சங்கீத ரீச்சர் சிவதர்சினி? போனை ஒருக்காத் தாங்கோ" என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தாய் என்று மட்டும் கேட்காதே.

எங்கள் பாட்டை அந்த இடத்திலேயே போட்டுக் கேட்டார்கள். என் வயலினும் சுகிர்தனின் மிருதங்கமும் நீ அங்கிருந்து ஊதி அனுப்பிய சாக்சபோனும், அதற்கு மேல் பிரதாபனின் றாப் பாட்டும் பள்ளிக்கூட முற்றத்தில் கேட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பதினொரு பெயர்கள் வரும் இடத்தில் ஒருவர் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

"இதில ஊதிறது ஆர்?"

"என்ர சிநேகிதி. பிரான்சில இருக்கிறா."

"பாட்டு எழுதினது?"

நான் சொல்லிவிட்டேன். மல்லாவியில் ராக்ரர் திருத்துகிற பிரதாபன் என்று, தொழிலோடு சேர்த்துச் சொன்னேன். யுத்தம் முடிந்த நாளில் முள்ளிவாய்க்காலில் ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இன்னும் திரும்பாத, தன் ஒழுங்கையில் குடியிருந்த சனத்தின் பெயர்களைத்தான் அவன் பாடியிருக்கிறான். முதல் பெயர் அவனுடைய தகப்பன் ராசு. அதைத் தவிர அவன் செய்த குற்றம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்று தொடக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்துகிறேன்.

போனைத் திருப்பித் தந்துவிட்டார்கள், ஆனால் இனி அதில் கதைக்கப் பயம். நிறஞ்சி, நான் சொல்லும் வரைக்கும் பாட்டை இணையத்தில் போடாதே. பதிலை மல்லாவியில் என் பெரியம்மா நாகேஸ்வரியின் விலாசத்துக்கு எழுது. இந்தக் கடிதத்தை லீவு முடிந்து பாரிசுக்குத் திரும்பும் விமலேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன்,
தர்சினி


பாரிஸ்
02.02.2025

என் தர்சினி,

கடிதத்தை விமலேஸ்வரி அக்கா ரயில் நிலையத்தில் வைத்துத் தந்தா. நின்றபடியே வாசித்தேன். இரண்டு ரயில் போய்விட்டது.

உன்னில் எனக்குக் கோபமில்லை. போனைக் கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பார்களோ. ஆனால் நீ பயந்து பயந்து பாட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அவர்கள் வந்த காரியம் முடிந்துவிடும்.

போன கிழமை இங்கே ஒரு சின்ன மண்டபத்தில் என் இசைக்குழு ஆட்களோடு அதை வாசித்தோம். டபிள் பேஸ் வாசிக்கிற மனிசன் உன் வயலினைப் பதிவில் கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளை எப்போது வரும் என்று கேட்டார். டிரம்ஸ் அடிக்கிறவள் மொறொக்கோக்காரி. பதிவில் பாடுகிறவன் கடைசியில் என்ன சொல்கிறான் என்று கேட்டாள். பெயர்கள் என்றேன். அவள் குச்சிகளை வைத்துவிட்டு, அடுத்தமுறை அந்த இடத்தில் தான் கையால்தான் தட்டுவேன் என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்த ஆளைத் தொடப் பயப்படுவார்கள், தர்சினி. ஒருவருக்கும் தெரியாத ஆளைத்தான் சுகமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். யோசித்துப் பார்.

ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு நான் வருகிறேன். அம்மா முள்ளிவாய்க்கால் வீட்டில் தனியாக இருந்து கருவாடு காயப் போட்டு அலுத்துவிட்டா. அப்போது நாங்கள் நாலு பேரும் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்று வாசிப்போம். மாதா கோயில் பாண்ட் வாத்தியத்தில் கிளாரினற் ஊதித் திரிந்தவள் இப்போது எப்படி ஊதுகிறாள் என்று நீ நேரில் கேட்க வேண்டும்.

முத்தங்களுடன்,
நிறஞ்சனா


அக்கராயன்
25.02.2025

அன்புள்ள நிறஞ்சி,

நீ எழுதியதை வாசித்த பிறகு நானும் சம்மதித்து, சனிக்கிழமை மல்லாவியில் எங்கள் பாட்டை வாசித்தோம். எப்படி என்று உனக்கு மட்டும்தான் சொல்லலாம்.

அதற்கு முதல் நாள், மண்டபக் கதவின் திறப்பைத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். கூரை திருத்த வேணுமாம். பிரதாபன் ஓடித் திரிந்து ஒரு நெல்லு மில்லின் காயப்போடும் தளத்தைக் கேட்டு எடுத்தான். பின்னேரம் நாலு மணி, சீமெந்துச் சூடு இன்னும் இறங்கவில்லை. நூற்றைம்பது பேர் வரை வந்தார்கள். பாதிப்பேர் தாய்மார்.

சுகிர்தன் ஆதி தாளத்தைப் பிடித்த பிடியில் எனக்குப் பயமே மறந்துபோனது. ஸ்பீக்கரில் உன் சாக்சபோன் வந்தது. பிரதாபன் தொடங்கினான்: "ஏறினவை பதினொரு பேர், எண்ணினது நான், இறங்கினதைக் கண்டவை ஆர், எழும்பிச் சொல்லுங்கோ." சனம் அசையவில்லை. நான் சிவரஞ்சனி ராகத்தில் அவனுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது வேப்பமரத்தடியில் ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுப்பதைக் கண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த அதே ஆள். போன் பிரதாபனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வில் நின்றுவிட்டது, நிறஞ்சி. நான் நிற்பாட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பதினொரு பெயரும் மிருதங்கத்தோடு மட்டும் போனது. வயலினை மடியில் வைத்துக்கொண்டு நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிய நாகேஸ்வரிப் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த இடத்தில வயலினை நிப்பாட்டினது நல்லாயிருந்தது பிள்ளை" என்றா. இன்னும் நாலைந்து பேர் அப்படியே சொன்னார்கள். பிரதாபன் வயர் சுற்றிக்கொண்டு நின்றான். "பரவாயில்லை ரீச்சர்" என்றான். என்னை அவன் ஒருநாளும் ரீச்சர் என்று கூப்பிட்டதில்லை. தர்சினி அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

நேற்று அவனுக்குப் பயங்கரவாத விசாரணைப் பிரிவில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. வருகிற பதினோராம் திகதி கொழும்புக்கு விசாரணைக்கு வரட்டாம். இன்று காலை அவனுடைய மனிசி ராஜினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். குசினிக்குள் வந்து கதிரையில் குந்தினாள். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, நீங்களோ அவங்களிட்ட என்ர மனிசன்ர பேரைச் சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது கும்பிட்டுக் கேட்கிறேன், பாட்டை வெளியில் விடாதே. அவன் அங்கே இருக்கும்போது அவர்களுக்கு இன்னும் கோபம் வந்தால் என்ன நடக்கும்? இந்தக் கடிதம் கெதியாகக் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

உன்,
தர்சினி


பாரிஸ்
09.03.2025

தர்சினி,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நாளை மறுநாள் அவன் போகிறான்.

இன்று காலை பாட்டை வெளியில் விட்டுவிட்டேன். உன்னை மறுபடியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ திரும்பவும் வேண்டாம் என்றிருப்பாய், நானும் அதற்குக் கட்டுப்பட்டிருப்பேன், பிறகு அவன் திரும்பி வராமல் விட்டால் நாங்கள் இரண்டு பேரும் எப்படி உயிரோடு இருப்பது?

அவனுடைய பெயர், படம், ஊர், விசாரணைத் திகதி எல்லாம் போட்டேன். இப்போது பின்னேரம் மூன்று மணி. ஒன்பதாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். லண்டனில் ஒரு வானொலிக்காரர் ஒலிபரப்பத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

மிருதங்கம் சுகிர்தன், சாக்சபோன் நிறஞ்சனா மரியநேசன் என்று எழுதினேன். வயலினுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. உன் பயத்துக்காக அதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் விடாதே.

நிறஞ்சனா


முள்ளிவாய்க்கால்
06.04.2025

அன்புள்ள நிறஞ்சி,

இதை உன் வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

பிரதாபனை விசாரணைக்குப் போன அன்றைக்கே விட்டுவிட்டார்கள். காலை ஒன்பதுக்கு உள்ளே போனவன் ஐந்து மணிக்கு வெளியில் வந்தான். ஒருவரும் கை வைக்கவில்லை. பாட்டைப் போட்டுப் போட்டு ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார்களாம். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெரிய அதிகாரி வந்து, வெளிநாட்டில் இருந்து போனுக்கு மேல் போன் வருகிறது, இவனை அனுப்புங்கள் என்றாராம். நிறஞ்சிதான் தன் மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என்று ராஜினி சொல்கிறாள். அது சரியாகத்தான் இருக்கும்.

நான் உன்னோடு ஒன்பது நாள் கோபமாக இருந்தேன். எங்கள் எல்லோருடைய உயிரையும் நீ தனியாக இருந்து முடிவு பண்ணினாய் என்ற கோபம். பிறகு யோசித்தேன். நானும் அவனைக் கேட்டுவிட்டா அவனுடைய பெயரைச் சொன்னேன்? உன்னையும் நான்தான் முதலில் காட்டிக் கொடுத்தேன்.

இனி எழுதப்போவதை நின்றபடி வாசிக்காதே, இருந்து வாசி. அந்த இரண்டு பேரும் இங்கே இரண்டு தரம் வந்துவிட்டார்கள். மகள் எப்போது வருவா, எத்தனை நாள் நிற்பா, ஆரைச் சந்திப்பா என்று உன் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் தரம் சுவரில் இருந்த உன்னுடைய சின்ன வயது முதல் நற்கருணைப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. பிரதாபன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த பஸ் எடுத்து வந்தேன். வழி முழுக்க ஆர் ஏறுகிறார்கள், ஆர் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆவணிக்கு வராதே. இது அம்மாவின் சொல். விமான நிலையத்தில் வைத்தே பிடிப்பார்கள் என்று அவ சொல்கிறா. பிடிக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிச் சனி ஞாயிறுகளில் நான் இங்கே வந்து நிற்பேன். என்னையும் பின்தொடரக்கூடும். வந்தால் வரட்டும், அம்மா தனியாக இருக்க வேண்டாம்.

மல்லாவிக்குக் கடிதம் போடாதே. இந்த விலாசத்துக்கும் போடாதே. எப்போது எழுதலாம் என்று எனக்கே தெரியவில்லை.

வயலினுக்கு நேரே என் பெயரைப் போடு என்று எழுதத்தான் நினைத்தேன். இரண்டு தரம் எழுதி வெட்டிவிட்டேன். வெறுமையாகவே இருக்கட்டும்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அம்மா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தப் பாட்டைப் போடு பிள்ளை, நான் இன்னும் கேக்கேல்லை" என்றா. கதவைச் சாத்திவிட்டுச் சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். பெயர்கள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் சிலுவை அடையாளம் போட்டா. பிறகு, "இதில அவள் ஊதிறது எது?" என்று கேட்டா. உன் இடத்தை எடுத்துக் காட்டினேன். அதை மட்டும் மூன்று தரம் கேட்டா.

"இந்தச் சத்தத்துக்கோ அவங்கள் இவ்வளவு தூரம் வந்தவங்கள்?" என்றா.

அவ என்னுடைய போனை வாங்கி, அரிசி வாளிக்குள் புதைத்து, மூடியைப் போட்டு, அதற்கு மேல் ஏறிக் குந்தினா. வெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய் முடியும் வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

உன்,
தர்சினி