கழுவாமல் விட்ட மூன்றாம் தட்டு

மார்ச் 6
மூன்று தட்டுகளையும் கழுவினேன். முகம் தெரியாத யார் யாருடைய மூக்கிலிருந்தோ எடுத்து வளர்த்த சுவாசப்பாதைச் செல்கள். இவற்றுக்குச் சளி பிடிக்க வைப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பு. அவற்றின் மேல் வைரஸை விடும் நாள்வரை, அவை சுரக்கும் கோழையைத் தினமும் உப்புநீரால் கழுவிவிட வேண்டும். அதனால் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் நான் 'சளியக்கா'. இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாம் தட்டில் மட்டும் அழற்சியை அடக்க ஆய்வு மாணவி கண்டுபிடித்த புது மருந்தும் உண்டு. நாலு வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி
ஞாயிறு வரைக்கும் சேர்த்து, கழுவியதாக நோட்டில் டிக் போட்டாயிற்று. எப்போதும் அப்படித்தான். செய்யாமலா இருக்கப் போகிறேன்?

மார்ச் 9, ஞாயிறு
இரண்டு தட்டு முடித்தபோது தம்பி மனைவியின் போன். "அண்ணி, இவருக்கு மூச்சு விட முடியல." போட்டது போட்டபடி ஓடினேன்.

மார்ச் 11
தம்பிக்கு ஆக்சிஜன் மாஸ்க். டாக்டர் சொன்னார்: "வைரஸ் குறைஞ்சிருச்சும்மா. அத விரட்டக் கிளம்பின அழற்சிதான் அடங்கல. நுரையீரலுக்குப் போதும்னு நிறுத்தத் தெரியல." நிறுத்தச் சொல்வது எது? இதைத்தானே நாங்களும் தேடுகிறோம்.

மார்ச் 14
மூன்று தட்டிலும் வைரஸ் ஒரே அளவு. மூன்றாவதில் மட்டும் அழற்சி பாதி. மாணவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கைராசிக்கா," என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதை நான் கழுவவேயில்லை. திங்களன்று அந்தக் கோழையின் மேலேயே வைரஸை விட்டிருக்கிறாள். மருந்தால் குறைந்ததா, கோழையாலா?

மார்ச் 15
சொல்லவில்லை.

மார்ச் 16
சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை — அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

மார்ச் 17
தம்பி மாஸ்க்கை விலக்கி, "நீ எனக்காக அழற மாதிரி தெரியலயே," என்றான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அந்த மருந்த... கடைசில என்னை மாதிரி ஒருத்தனுக்குத்தான குடுப்பாங்க?"

ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

மார்ச் 18
சொல்லிவிட்டேன். பேராசிரியர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இனி செல் அறைக்குள் போகக் கூடாது. கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலை. மாணவி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 26
தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். மாடி ஏற நாலு தடவை நிற்கிறான். ஏறிவிடுகிறான்.

ஏப்ரல் 11
மாணவி தானாகவே வந்தாள். "மருந்து போட்டு, ஒழுங்கா கழுவிப் பாத்தேன்க்கா. ஒண்ணும் ஆகல. மருந்தே இல்லாம, கழுவாம விட்டேன். பாதியா குறையுது. மூணு தடவ பாத்துட்டேன்."

போதும் என்று சொல்லும் ஏதோ ஒன்றைச் செல்கள் தாமே சுரந்து வைத்திருக்கின்றன. இத்தனை வருஷமாக அதை நான்தான் தினமும் கழுவிக் கொட்டியிருக்கிறேன்.

"அப்ப உன் மருந்து?"

"செத்துப்போச்சுக்கா." அழுதாள். நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேராசிரியர் சொல்லி அனுப்பியதைச் சொன்னாள்: "கழுவாம விடுறதுல அனுபவம் உள்ள ஆளு ஒருத்தர் வெளிய குடுவை கழுவிட்டு இருக்காங்களாம். உள்ள வரச் சொல்லு."