ஒரு மிதி, உப்பு குறைவு

மார்ச் 4, செவ்வாய்

மூக்கு டாக்டர் ஐந்து குப்பிகளை வரிசையாக நீட்டினார். ஐந்தும் தண்ணீர் என்றேன். ஒன்றில் பூண்டு, ஒன்றில் கிராம்பு என்றார். மூக்கோடு நாக்கும் விடுப்பில் போயிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் இப்போது எனக்கு வெறும் பொடிகள்.

"போன மாசம் வந்த காய்ச்சலோட மிச்சம் சார் இது. ஆறு மாசத்துல திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்."

ஜோசியர்கூட இதைவிடத் துணிச்சலாகச் சொல்வார்.

பத்தொன்பது வருடமாக ஞாயிறு இணைப்பில் உணவகங்களைப் பற்றிப் பத்தி எழுதிப் பிழைக்கிறேன். வேறு வேலை தெரியாது. யாரிடமும் சொல்லப்போவதில்லை. கண் மங்கிய ஓட்டுநர் அதைப் பயணிகளிடமா சொல்வார்?

மார்ச் 6, வியாழன்

மாட்டிக்கொண்டேன். காலைக் காபியைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். சிவப்புப் பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன்."

"பால் அடிப்பிடிச்சுப் போச்சு. கொட்டிட்டு வேற போடலாம்னு இருந்தேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. உடம்புக்கு என்னங்க?"

சொன்னேன். பேனாவை மூடி வைத்தாள்.

"அப்போ நேத்து மீன் கடையைப் பத்தி எழுதி அனுப்பினது?"

"ஞாபகத்துல இருந்து."

"எந்த மீனோட ஞாபகம்?"

கணக்கு டீச்சரிடம் விடை மட்டும் சொன்னால் மதிப்பெண் கிடையாது. செய்முறையும் காட்ட வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மீன் பத்தி வெளிவந்தது. "தங்கள் நாவின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். பெரிய சமையல்காரரின் புதுக் கடை. சனிக்கிழமை ஆறரைக்கு மேசை கிடைத்திருக்கிறதாம். ஊரே மூன்று மாதமாகக் காத்திருக்கும் மேசை. அந்த மனிதருக்கு 'நெருப்பின் கவிஞர்' என்று பட்டம் கொடுத்தவன் நான்தான். அப்போது எனக்கு மூக்கு இருந்தது, எனவே அந்தச் சாக்கும் இல்லை.

ஒரு நல்ல செய்தி. அங்கே எந்தத் தட்டும் யாருக்கும் சொந்தமில்லையாம். எல்லாம் நடுவில் வரும், எல்லோரும் கை நீட்டலாம். கூட வரும் மனைவியும் நான் தின்பதையே தின்பாள், யாருக்கும் சந்தேகம் வராது. என் நிலைமைக்கென்றே திறந்த கடை.

சங்கேதம் முடிவாயிற்று. மேசைக்கடியில் ஒரு மிதி என்றால் உப்பு குறைவு. இரண்டு, புளிப்பு. மூன்று, பிரமாதம். நான்கு, வீட்டுக்குப் போகலாம். ஒத்திகை பார்த்ததில் வலது கால் வீங்கியிருக்கிறது.

மார்ச் 15, சனி

நீள மேசைகள், முதுகில்லாத பெஞ்சுகள், பாதி திறந்த அடுப்படி. பக்கத்தில் உட்கார்ந்தவரின் சிரிப்பு என் காதுக்குள் விழுந்தது. ஒரு மேசைக்குப் போக வேண்டிய காளான் தட்டை இன்னொரு மேசை பாதி தின்றுவிட்டு மன்னிப்புக் கேட்டது. இரண்டு மேசைகளும் உறவாகிவிட்டன.

மனைவி எதிரே. முதல் மூன்று தட்டுகளுக்கு மிதிகள் பிழையின்றி வந்து சேர்ந்தன. நான் குறித்துக்கொண்டேன். நான்காவதாக, தீயில் வாட்டிய பூசணி. அப்போதுதான் கவிஞரே வந்து, "கொஞ்சம் நகருங்க சார்" என்று என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்.

"பூசணி எப்படி?"

மிதிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மென்றேன். மறுபடி மென்றேன். ஐயோ, மிதியேன்!

"ஒரு நிதானம் இருக்கு" என்றேன். இந்தச் சொல் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

அவர் எதிரே திரும்பினார். "அம்மா, ரொம்ப நேரமா என் காலை மிதிக்கறீங்களே, எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அவள் முகம் சிவந்தது. பிறகு வகுப்பறைக் குரலில் சொன்னாள்: "உப்பு இல்ல. அதுக்குத்தான்."

அவர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். "இல்லதான்." அடுப்படியைப் பார்த்து ஒரு கத்தல். அப்புறம் என்னைப் பார்த்தார், மேசைக்கடியில் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"உப்பு போட்டா சரியாயிடுமா?"

"சரியாதான் இருக்கும். ஆனா இது முதல் பெஞ்சுல உக்காருற பொண்ணு மாதிரி. எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு, யாருக்கும் பக்கத்துல உக்கார ஆசை வராது. கொஞ்சம் குறும்பு வேணும்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. "அடுத்தது மீன். சொல்லுங்கம்மா."

"வெண்ணெய் மீனைப் பேசவே விடல."

எட்டாவது தட்டு வரைக்கும் அப்படித்தான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பத்தொன்பது வருடமாக என்னோடு விருந்துகளுக்கு வருகிறாள். வயிறு நிறைந்ததா என்று கேட்டிருக்கிறேன். எப்படி இருந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்க சொல்லிடுங்க."

மார்ச் 16, ஞாயிறு

பத்தியை எழுதி முடித்தேன். ஒரு வாக்கியம் என்னுடையது: "மாலை ஆறரை மணி."

மார்ச் 18, செவ்வாய்

ஆசிரியர் அறையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பத்தியை இரண்டு முறை படித்தார். "முதல் பெஞ்ச் பொண்ணு" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தார்.

"சார், இதை நீங்க எழுதலைன்னு நீங்க சொல்லாமலே தெரியுது. வீட்டம்மாவே எழுதட்டும். அவங்க பேர்லயே. உங்க மூக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, பத்தி உங்களுக்கே."

பெருந்தன்மைதான். வலிக்கிறதா? ஆம், வலிக்கிறது.

வீட்டில் சொன்னேன். "நானா? எனக்கு எழுத வராதுங்க" என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே புது நோட்டு வாங்கி வந்திருந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் பெயரில் மூன்றாவது பத்தி. அந்த மீன் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார்: "முன்பு எழுதியவரின் நாக்கு மீது எனக்கு எப்போதுமே சந்தேகம்."

மே 2, வெள்ளி

கடையில் பெயர் சொல்லி மேசை கேட்டாள். பரிமாறுபவர் பட்டியலை அவள் முன் வைத்துவிட்டு, என்னிடம், "நீங்க?" என்றார். கூட வந்தவன் என்றேன். உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரியாது.

ஜூன் 12, வியாழன்

காலை. கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது ஏதோ ஒன்று. பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசுவதுபோல. இன்னொரு வாய். காபிதான். சந்தேகமேயில்லை, காபி. கூடவே தீய்ந்த பால்.

அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என்னங்க, எழுதிட்டே இருந்தேனா, பால் மறுபடி அடிப்பிடிச்சிடுச்சு. உங்களுக்கென்ன, தெரியவா போகுது. எப்படி இருக்கு?"

ஒரு வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலே வேறொன்று எழுதினாள். அதைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.