மங்கில் ஊற்றிய டின் பால்

அம்மா,

இன்று காலை தேநீருக்கு டின் பாலைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. போன வாரம் போர்டிக்சனில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் உன் படத்தைப் பார்த்ததிலிருந்தே மனம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

சுவர் முழுக்கப் பழைய கலைப் புகைப்படங்கள். ஆண்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. குடம் தூக்கியவள், ஜன்னலோரம் நிற்பவள் என்று பெண்களுக்கு அதுகூட இல்லை. எல்லாரும் தலைகுனிந்திருக்கிறார்கள். உனக்குக் கீழே 'துயரம்' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது, நம் லிங்கி ரப்பர் தோட்டத்துக்கு உன்னைப் படமெடுத்த அந்தப் படக்காரர் வந்தது சாயங்காலத்தில். பால்மரம் சீவுவது விடியலில் என்று அவருக்கு யார் சொல்வது? வெயில் சாய்ந்தால்தான் படம் அழகாம். கொசுவுக்காகச் சேலைமேல் நீ போடும் முழுக்கைச் சட்டை வேண்டாம், தலைத்துண்டு வேண்டாம், கொண்டையில் பூ வை என்றார். பனி வேண்டுமென்று கேமராக் கண்ணாடியில் எதையோ தடவினார். மரமோ ஒரு சொட்டுப் பால் தரவில்லை. என்னை வீட்டுக்கு ஓடவிட்டு டின் பாலை எடுத்துவரச் சொல்லி, ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் நீதான் ஊற்றினாய்.

"சோகமா கீழ பாரும்மா," என்றார் அவர்.

"சோகமா இருந்தா யாரு லா மரம் சீவுறது?" என்று என்னிடம் முணுமுணுத்தாய். அதற்குள் எறும்பு மோப்பம் பிடித்து மங்கில் ஏறி, உன் விரலிலும் ஏறிவிட்டது. நீ சிரிப்பை அடக்கினாய். அடக்கும்போது உன் இடது கன்னம் குழிந்து உள்ளே போகும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் படம் எடுத்தார்.

அந்தக் குழியைத்தான் இன்றைக்குத் துயரம் என்கிறார்கள்.

உன் பெயரைப் போடச் சொல்லி ஹோட்டல் மேலாளரிடம் கேட்டேன். நம் தமிழ்ப் பையன்தான். "ஆர்ட் லா ஆன்ட்டி. பேரு போட்டா ஃபீலிங் போயிடும்," என்றான். விடுவேனா? நேற்றும் போனேன்.

ஒரு பெண் உன் படத்துக்கு முன் நின்று, "பாவம், எவ்ளோ கஷ்டம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ கஷ்டப்படாதவள் இல்லை. ஆனால் அது அன்றைக்கு இல்லையே!

"அது எங்கம்மா," என்று உன் பெயரைச் சொன்னேன். பெற்றவளின் பெயரை அப்படிச் சத்தமாக நான் சொன்னதே இல்லை. "மங்குல இருக்கிறது டின் பாலு. எறும்பு விரல்ல ஏறிருச்சு."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரித்துவிடக் கூடாதே என்று நான் வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அதே கன்னம்," என்றாள்.