முகாம் பட்டியலில் இன்னும் இருக்கும் நம் பள்ளிக்கூடம்

கஸ்தூரி அக்கா, என் அக்கா,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மறுபடி மழைக்காலம். மலை மேலே மேகம் இறங்கினால் கிரிவலம் வந்தவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மேட்டுத் தெருவில் உங்களைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. "அந்தம்மா மனு குடுத்துதான் இஸ்கூலையே இடிச்சுட்டாங்க"னு சொல்கிறார்கள். குழாயடியில் உங்கள் மகள் ரேவதி காதுபடவே சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருப்பவள் நான்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் நான் தலைமையாசிரியையாக இருக்கும் நடுநிலைப் பள்ளியில் நீங்கள் சத்துணவு சமையலர். பெருமழை என்றால் பள்ளிதான் தெருவுக்கு முகாம். அன்றைக்கும் கரண்டி உங்கள் கையில்தான் இருக்கும். உப்பு கம்மி என்று யாராவது சொன்னால் அவ்வளவுதான், அவர் தட்டில் ஒரு கல் உப்பை வைத்துவிட்டுப் போவீர்கள்.

பள்ளிக்குப் பின்னால் மலைத்தண்ணி வருகிற ஓடையை மண்ணும் குப்பையும் அடைத்து, தண்ணீர் நம் சுவரில் மோதியது. சுவர் விரிசல் விட்டது. ஓடையைத் தூர்வார வேண்டும், சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்று மனு எழுதினேன். என் பெயரில் கொடுத்தால் மெமோ வரும் என்று பயம். திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றது நீங்கள்தான்.

"எங்க கையெழுத்து போடணும் டீச்சர்? உங்களுக்குப் போனா உத்தியோகம் போவும். எனக்குப் போனா கரண்டிதானே போவும்" என்று சிரித்தீர்கள்.

அந்த மனுவில் ஒரு வரி சேர்த்திருந்தேன். 'கட்டடம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது.' அழுத்தி எழுதினால்தான் அசைவார்கள் என்ற என் மேதாவித்தனம். அசைந்தார்கள் அக்கா. வந்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள், மாதம் திரும்புவதற்குள் ஜேசிபி வந்து முழுப் பள்ளியையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஓடையை யாரும் தொடவில்லை. புதுக் கட்டடத்துக்குக் கருத்துரு அனுப்பியிருக்கிறார்களாம். உங்கள் சமையல் கூடம் மட்டும் மிஞ்சியது.

நீங்கள் போன அந்த மழை நாளின் மத்தியானம் மைக் கட்டிய ஆட்டோ வந்து, எல்லாரும் பள்ளிக்கூட முகாமுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. கட்டடம் இல்லை என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் அரசாங்கமே கூப்பிடும்போது வேறு இடத்துக்குக் கூட்டிப்போக ஒரு பஸ்ஸாவது வந்து நிற்காதா என்று போனீர்கள். யாரும் வரவில்லை. சமையல் கூடத்தில் குழந்தைகளையும் வயசானவர்களையும் நெருக்கி உட்கார வைத்தீர்கள். பிறகு உங்களுக்கு இடமில்லை. "நீ இங்கியே இரு, நான் ஊட்ல இருக்கறேன்" என்று ரேவதியிடம் சொல்லிவிட்டு நடந்தீர்களாம். சாயங்காலம் வீட்டுப் பின்சுவர் உங்கள் மேல் விழுந்தது.

நான் என் வீட்டில், மழைக்கு விடுமுறை விட்ட நிம்மதியில், டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் பெயருக்கு ஒரு தபால் வந்தது. ரேவதி அதை என்னிடம்தான் கொண்டுவந்தாள். 'தங்கள் கோரிக்கையின்படி பழுதடைந்த கட்டடம் அகற்றப்பட்டது. மனு முடித்துவைக்கப்படுகிறது.' படித்துக் காட்டினேன்.

"எங்கம்மா இதையா டீச்சர் கேட்டுச்சு?" என்றாள்.

தபாலை மடித்து அவள் கையில் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. எட்டாவது நடுவில் நின்றவள், இப்போது ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். "வந்தா எங்க உக்காரறது டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? மிச்சமிருக்கும் பிள்ளைகளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். புகைக்கு இருமிக்கொண்டே வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

போன வாரம் இந்த வருஷத்து முகாம் பட்டியல் வந்தது. அதில் நம் பள்ளி இருக்கிறது அக்கா. இருநூறு பேர் தங்கலாமாம். பள்ளியின் பெயரை அடித்துவிட்டு, 'இங்கே கட்டடம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். ஆபீஸ் கிளார்க் போன் பண்ணினார்.

"மேடம், பட்டியல்ல அடிக்கக் கூடாதுங்க. புதுசு கேட்டு மேலே அனுப்பினதுலயே பழைய கட்டடம் இன்னும் இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க. வேற ஃபார்ம் அனுப்பறேன், போன வருஷம் மாதிரியே போட்டுடுங்க."

நான் போட மறுத்தேன். மூன்றாம் நாள் என் கையெழுத்து இல்லாமலே அதே பட்டியல் அச்சாகி வந்துவிட்டது. கார்த்திகை தீபத்துக்கு எத்தனை பஸ், எங்கே தண்ணீர்ப் பந்தல் என்று பிசகாமல் போடத் தெரிந்த ஊர் இது. தெரியாமல் நடக்கிறது என்று நான் இனி நம்பமாட்டேன். இந்த மழைக்கும் ஆட்டோ வரும், அதே அறிவிப்பைச் சொல்லும். கட்டடம் நான் ஓய்வு பெறுவதற்குள் வராது. ரேவதி திரும்பி வருவாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இந்தக் கடிதம் அச்சாவதற்கு முன் கெஸ்ட் ஹவுஸுக்குப் போய் ரேவதியிடம் வாசித்துக் காட்டுவேன். அடுத்து குழாயடியில், எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது வாசிப்பேன். மெமோ வரட்டும். ரேவதி என் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படிப்பேன். இது சத்தியம் அக்கா.

மனுவில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது.

உங்கள் தங்கை,
சாந்தி