மின்கார் வரிக்கு நான் பேசிய கிழமை

ஜூன் 10, செவ்வாய்

சோளகக் காற்று. கதவெல்லாம் அடித்துக்கொள்கிறது. எல்லோரும் படுத்துவிட்டார்கள். கணிதக் கொப்பியின் பின்பக்கம் இது. ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை சனசமூக நிலைய ஆண்டு விழா. விவாதம். தலைப்பு: 'மின்கார் ஓட்டுவோரும் வீதிச் செலவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும்.' சீட்டு எடுத்தது என்னோடு பேசப்போகிற தர்சி. எங்களுக்கு விழுந்தது 'வேண்டும்' பக்கம்.

எங்கள் ஒழுங்கை வீடுகளில் மின்கார் ஒன்றே ஒன்று. அப்பாவுடையது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்து அலுத்து, அம்மாவின் காப்புகளை விற்று வாங்கியது. அதில்தான் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறார்.

வீட்டில் தலைப்பைச் சொல்லவில்லை. அம்மா கேட்டபோது 'பொலித்தீன்' என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அப்பா அடிக்கமாட்டார். பேசாமல் விடுவார். அம்மாவின் தம்பியோடு அப்படித்தான், மூன்று மாதம். அதுதான் பயம்.

ஜூன் 11, புதன்

காலை. அப்பா கார் துடைக்க, எங்கள் ஒழுங்கைச் சின்னராசா மாமா ஐஸ் லொறியை நிறுத்தினார். மீன்பிடித் துறைக்கு ஐஸ் ஏற்றுபவர். ஒவ்வொரு நாளும் ஒரே பகிடி.

"என்ன தம்பி, உன்ரை கார் காத்திலையோ ஓடுது? நாங்கள் அடிக்கிற டீசல் லீற்றருக்கை றோட்டுக் காசும் இருக்கு. நீ சும்மா ஓடுறாய்."

அப்பா சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் மைக்கில் சொல்லப்போவதும் இதையேதான். மகளின் வாயால். ஒழுங்கை முழுக்கக் கேட்க.

பேச்சுக்கு இதுவரை:
1. மோட்டர்சைக்கிள்காரனும் லீற்றருக்கு வரி கொடுக்கிறான். மின்சாரத்தில் வீதிக்கென்று எதுவும் இல்லை.
2. பற்றரியால் கார் பாரம். வீதி கூடத் தேயும்.
3. காரின் விலையைப் பார்க்காமல், ஓடிய தூரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.
4. ஹயர் ஓடிப் பிழைப்பவர்களுக்குக் குறைவாக.

நாலாவதைப் பார்த்துத் தர்சி: "ஹயர் ஓடுற உன்ரை கொப்பருக்கெண்டு தனிச் சட்டமோ?" வெட்டிவிட்டாள்.

தலை பின்னவில்லை. ரீச்சரிடம் ஏச்சு.

ஜூன் 12, வியாழன்

தர்சிக்கு ஒரு உதாரணம் வேண்டுமாம். ஒரு கார் எவ்வளவு ஓடும்? அப்பா குளிக்கும்போது காருக்குள் ஏறித் திரையைப் போட்டுப் பார்த்தேன். ஜப்பானிலிருந்து இறக்கிய கார், திரை முழுக்க ஜப்பான் எழுத்து. பெரிதாகத் தெரிந்த எண்ணை எழுதினேன். நூறும் இல்லை. இவ்வளவு நாள் ஓடி இவ்வளவுதானா?

இறங்கும்போது அப்பா தோளில் துவாயுடன் கிணற்றடியில். பார்த்தாரா? தெரியாது.

இரவு அப்பாவுக்கு முன்னமே சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளிக்கு அப்பாதான் கொண்டுபோய் விட்டார். காரைத் தொடக்கியதும் அந்தப் பெண்குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். அப்பா வழமைபோல, "ஓமோம்."

மடத்தடிச் சந்தியில் திடீரென்று, வீதியைப் பார்த்தபடியே: "பிள்ளை, பெரிசாய்த் தெரியிறது கடைசியாச் சார்ஜ் ஏத்தினதிலை இருந்து ஓடின தூரம். மொத்தம் கீழை கிடக்கு, சின்னனாய்."

சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினார்.

நான் காருக்குள் ஏறியது தெரிந்துவிட்டது. கீழே இருந்த எண்ணைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டேன். ஐந்து இலக்கம்.

காய்ச்சல் வந்தால் நல்லது.

ஜூன் 14, சனி

காய்ச்சல் வரவில்லை.

முன்வரிசையில் அப்பா. இஸ்திரி போட்ட சேட். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பேசி முடித்தேன். பெயர் சொல்லாமல், "எமது ஒழுங்கைக் கார் ஒன்று" என்றேன். எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முடித்ததும் பின்னாலிருந்து சின்னராசா மாமா: "கேட்டியளோ! தேப்பன் ஓடுறான், மகள் வரி கேக்கிறாள்!"

மண்டபம் சிரித்தது. எனக்கு மேசைக்குக் கீழே போய்விட வேண்டும் போல.

அப்பா எழுந்தார். "கேக்கட்டும் அண்ணை. சரியாத்தான் கேக்கிறாள். நான் ஓடின தூரத்துக்கு நான் தாறன். உங்கடை லொறியின்ரை பாரத்துக்கு நீங்கள் தாங்கோ. எங்கடை வாசல் றோட்டிலை கிடக்கிற பள்ளம், அந்தக் கிடங்கு, என்ரை கார் கிண்டினது இல்லை."

இன்னும் பெரிய சிரிப்பு. சின்னராசா மாமாவும் சிரித்தார்.

நாங்கள் தோற்றோம். ஒரு புள்ளியால். கவலையே இல்லை.

வரும் வழியில் கேட்டேன். "எப்ப தெரியும் அப்பா?"

"திங்கக்கிழமை. சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பாக்கப் போனன், நோட்டீஸ் பலகையிலை தலைப்பு, பக்கத்திலை உன்ரை பேர். சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"கோவமில்லையோ?"

"பேசினதுக்கு இல்லை. பொலித்தீன் எண்டாய் பார், அதுக்குத்தான்."

பிறகு கச்சான் கடலை வாங்கித் தந்தார். இரண்டு சுருள்.

ஜூன் 15, ஞாயிறு

காற்றுக் குறைவு. பத்து மணிவரை நித்திரை.

சின்னராசா மாமா லொறியில் கிரவல் மண் கொண்டுவந்து வாசல் கிடங்கில் கொட்டினார். அப்பா மண்வெட்டியுடன். இருவரும் வரியைப் பற்றியே சண்டை. பாரமா, தூரமா? முடியவில்லை. மூன்று தரம் தேநீர் கொடுத்தேன்.

பின்னேரம் அப்பா கூப்பிட்டார். இனி மாசக் கடைசியில் மீற்றர் எண்ணை நான்தான் எழுதி வைக்க வேண்டுமாம். "ஆரும் வந்து கேட்டால் காட்டலாம். கொப்பி ஒண்டு தா." இந்தக் கணிதக் கொப்பியில் கை வைத்துவிட்டார்.

"அது வேண்டாம் அப்பா!"

கத்தியே விட்டேன். கையை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன், அதுக்குள்ளையும் பொலித்தீனோ?"