இருபத்து மூன்றாம் தேதிக் கார்

3 மார்ச் 2025, திங்கள்

நேற்று என் மனைவி ஏவரில் காரை வெளியே எடுத்தாள். வெளியே என்றால் தெருவுக்கு இல்லை. கராஜிலிருந்து எங்கள் கேட் வரை, முப்பது அடி. ஞாயிறுதோறும் இதுதான் அவளுடைய வழிபாடு: எஞ்சினைப் போடுவாள், முன்னே வருவாள், பின்னே போவாள், அணைப்பாள். நேற்று முன்சக்கரம் கேட்டைத் தாண்டி நடைபாதையில் ஏறிவிட்டது. இன்று காலை டேப்பைக் கொண்டுபோய் டயர் தடத்தை அளந்தேன். நான்கு அங்குலம்.

சாலை வரி கட்ட முடியாமல், "இந்த வண்டி சாலையில் ஓடாது" என்று இரண்டு வருடம் முன்பு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதன் பிறகு ஒரு சக்கரம்கூட பொது இடத்தில் படக்கூடாது. நடைபாதையும் பொது இடம்தான். ஓட்லி நகரத் தெருக்களில் இருபத்தாறு வருடம் பார்க்கிங் வார்டனாக அபராதச் சீட்டு எழுதிய எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எதிர்வீட்டு சக்டன் அம்மாள் வாசல் கதவில் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறாள். அது நேராக எங்கள் கேட்டைப் பார்க்கிறது.

"நாலு அங்குலத்துக்கு ஜெயில்ல போட்டுருவாங்களா, வார்டன்?" என்கிறாள் ஏவரில். நெஞ்சுவலி வந்து நான் வேலையை விட்டே இரண்டு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

5 மார்ச்

தபால்காரர் வந்தாலே அபராதக் கடிதமா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இன்று வந்தது பல் டாக்டரிடமிருந்து.

8 மார்ச், சனி

காருக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஹாலிஃபாக்ஸிலிருந்து கிட்சன் என்பவர். இருபத்து இரண்டாம் தேதி சனிக்கிழமை நேரில் வருகிறார். இரண்டு நிபந்தனை: ஆண்டுச் சோதனை முடித்துச் சான்றிதழ் புதிதாக இருக்கவேண்டும், பழைய பேப்பர் எல்லாம், எங்களுக்கு விற்றவன் போட்ட விளம்பரம் உட்பட, ஒரு கோப்பில் இருக்கவேண்டும்.

விற்கலாம் என்று சொன்னவன் நான்தான். அந்த இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

இங்கே மட்டுமாவது எழுதிவிடுகிறேன். பச்சை நிறம், எட்டு சிலிண்டர், கேட்டுக்கு வரும் முப்பது அடியிலேயே தெரு முழுக்கக் கேட்கும் சத்தம். அதை ஏவரில் பிரிட்லிங்டனில் ஒருவனிடம் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. நம்பர் பிளேட்டில் 06. அதாவது 2006 மார்ச்சிலோ அதற்குப் பிறகோ பதிவானது. இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மார்ச்சில் ஒரு தேதிதான் உயிர். இருபத்து இரண்டு வரை பதிவானால், எவ்வளவு புகை விட்டாலும் சாலை வரிக்குப் பழைய உச்சவரம்பு. இருபத்து மூன்றிலிருந்து பதிவானால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு, பானெட்டுக்குள் தலையை விட்டபடியே, "பேப்பர்ல தேதியைப் பாத்துட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

"பாத்துட்டேன்" என்றேன். மார்ச் 2006 என்பதைத்தான் பார்த்தேன். நாளைப் பார்க்கவில்லை.

இருபத்து மூன்று. சரியாக இருபத்து மூன்று. வாழ்நாள் முழுக்கச் சீட்டில் தேதி பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். முதல் வரி ரசீதைப் பார்த்து அவள் திகைத்து நின்றபோது, "வித்தவன் பொய் சொல்லிட்டான்" என்று என் வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த பிரிட்லிங்டன்காரனுக்கு எங்கள் வீட்டில் வசவு நின்றதில்லை. ஆனால் அவன் விளம்பரத்தில் தேதியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அந்தக் காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டிருக்கலாம். ஆவணத்தைக் கிழிக்க என்னால் ஆகாது.

11 மார்ச்

சோதனைக்குப் பதிவு செய்தேன். பத்தொன்பதாம் தேதி பதினொரு மணி, நாலு மைலில் இருக்கும் பட்டறை. ஓடாத வண்டி என்று எழுதிக் கொடுத்ததை ஒரே ஒரு காரியத்துக்குச் சாலையில் ஓட்டலாம்: முன்பதிவு செய்த சோதனைக்குப் போக, அங்கிருந்து திரும்பி வர. அவ்வளவுதான்.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஏவரில் கேட்டாள்: "எவ்வளவு தூரம் போலாம்னு சட்டத்துல இருக்கா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "தூரம் போடலை."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோ எனக்குப் பிடிக்கவில்லை.

15 மார்ச், சனி

கோப்பு தயார் செய்கிறாள். "அந்த விளம்பரம் எங்க?" தேடுகிறேன் என்றேன். என் கோட்டுப் பைக்குள்தான் இருக்கிறது. 

18 மார்ச்

நாளை. ஒரு நாள் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று. டயர், விளக்கு, வைப்பர் மூன்று தடவை பார்த்தேன்.

19 மார்ச், புதன்

வீடு வந்ததும் நேராக இந்த நோட்டைத்தான் எடுத்தேன்.

எட்டு மணிக்கே கிளம்பு என்றாள். நாலு மைலுக்கு எதற்கு மூன்று மணிநேரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ரவுண்டானாவில் இடப்பக்கம் திரும்பவேண்டியவள் நேராகப் போனாள்.

"ஏவரில், அந்தப் பக்கம்."

"பட்டறையை நான் மாத்திட்டேன்."

"எங்கே?"

"விட்பி."

விட்பி கடற்கரையில் இருக்கிறது. எழுபது மைலுக்கு மேல்! நிஜமாகப் பதிவு செய்தாயா, யாரிடம், பெயர் என்ன கொடுத்தாய் என்றெல்லாம் கேட்டேன். "நம்பிக்கை இருக்கா இல்லையா?" என்றாள். இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கிறாள்!

யார்க் தாண்டியது. பிக்கரிங் தாண்டியது. ஒவ்வொரு கம்பத்திலும் எனக்குக் கேமராதான் தெரிந்தது. மேட்டுநிலச் சாலை வந்ததும் அவள் கியரைக் குறைத்து மிதித்தாள். ஏழு வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் சரியாகக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஹில்கிளைம்ப் என்ற மேடேறும் கார்ப் பந்தயங்களுக்கு அவள் போய்க்கொண்டிருந்த நாளில் இருந்த முகம். இரண்டு வருடமாக முப்பது அடி ஓட்டிக்கொண்டிருந்தவள். அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கோட்டுப் பையிலிருந்து விளம்பரத்தை எடுத்தேன்.

"அவன் பொய் சொல்லலை. நான்தான் தேதியைப் பாக்கலை. பாத்தேன்னு சொன்னேன்."

ஏவரில் ஓட்டிக்கொண்டே இருந்தாள். நாலைந்து மைல். பிறகு ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"நிறுத்தக் கூடாது ஏவரில். சோதனைக்குப் போற வழியில வேற காரியம் பண்ணினா—"

"ஏழு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருக்கேன். அவன் செத்தாக்கூட மலர் அனுப்பமாட்டேன்னு சொன்னேன். நீ பக்கத்துல ஒக்காந்து தலையாட்டுனே." ஃபிளாஸ்கைத் திறந்தாள். "இப்ப நான் டீ குடிப்பேன். மெதுவாத்தான் குடிப்பேன். நீ ஒக்காந்து பயப்படு."

குடித்தாள். நான் பயப்பட்டேன். அது நியாயமான தண்டனைதான்.

பாதி டீயில் பின்னால் போலீஸ் கார் வந்து நின்றது. என் நெஞ்சு அடித்த அடிக்குப் பழைய வலிதான் திரும்புகிறதோ என்று நினைத்தேன். குனிந்து பார்த்த போலீஸ்காரருக்கு எங்கள் வயதில் பாதிதான் இருக்கும்.

"வரி கட்டாத வண்டின்னு கேமரால காட்டுச்சு மேடம். எங்க போறீங்க?"

"ஓட்லியிலேர்ந்து விட்பிக்கு, சோதனைக்கு. பதினொண்ணரைக்கு."

"ஓட்லியிலேர்ந்தா? நடுவுல பட்டறையே இல்லையா? சரி, அது போகட்டும். இங்க ஏன் நிக்கிறீங்க?"

ஏவரில் என்னைப் பார்த்தாள். இப்போது அவள் எதைச் சொன்னாலும் எனக்குத் தகும் என்று காத்திருந்தேன்.

"இவருக்கு நெஞ்சு சரியில்ல. மயக்கம் வர்ற மாதிரி இருக்குன்னாரு. அதான் டீ குடுக்கலாம்னு."

டீக் கோப்பை அவள் கையில்தான் இருந்தது. அதை என் கையில் திணித்தாள். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். பட்டறைக்கு போன் போட்டார். பதிவு இருந்தது. நிஜமாகவே இருந்தது. "டாக்டரைப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு பொய்க்கு ஒரு பொய். சரியாப் போச்சு" என்று வண்டியை எடுத்தாள். 

சோதனையில் தேறிவிட்டது. புகைக் குழாயில் கருவியை வைத்த ஆள், "நல்லா மூச்சு விடுது" என்றான். திரும்பி வரும்போது கடற்கரைப் பக்கம் மீன் வறுக்கும் வாசனை வந்தது. "நிறுத்தலையா?" என்று கேட்டேன். "சட்டம்" என்றாள். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

20 மார்ச்

காலையில் பேசவில்லை. மாலையில் உப்பு எங்கே என்று கேட்டாள்.

22 மார்ச், சனி

கிட்சன் வந்தார். காரைச் சுற்றி வந்தார், பிளேட்டைப் பார்த்தார், எல்லாரும் கேட்பதைக் கேட்டார்: "இருபத்து மூணுக்கு முன்னாடிதானே?"

ஏவரில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை. சரியா இருபத்து மூணு. வாங்கும்போது நான் கவனிக்கலை" என்று விளம்பரத்தை நீட்டினேன். அந்நிய மனிதரிடம் சொல்வது அவளிடம் சொன்னதைவிடச் சுலபமாக இருந்தது.

"அட, ஒரு நாள்ல போச்சே" என்று உச்சுக்கொட்டினார். வரி இவ்வளவு ஆகும் என்றால் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பானெட்டைத் தட்டினார். அவர் தட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

"விக்கிறதா வேண்டாமான்னு அவளைக் கேளுங்க. கார் அவளோடது" என்றேன்.

ஏவரில் சாவியை கவுன் பையில் போட்டுக்கொண்டாள். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். கிட்சன் டீ குடித்துவிட்டுப் போனார்.

23 மார்ச், ஞாயிறு

காருக்குப் பத்தொன்பது வயது. கேட் வரை வந்தாள். சக்கரம் தாண்டாமல் இருக்க நடைபாதை ஓரம் ஒரு செங்கல் வைத்தேன். பிரிட்லிங்டன்காரனுக்கு ஒரு கடிதமும் போட்டிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

24 பிப்ரவரி 2026, செவ்வாய்

இந்த வருடச் சோதனைக்குப் பதிவாகிவிட்டது. மார்ச் பதினெட்டு, பிற்பகல் மூன்றரை மணி. ஸ்காட்லாந்தில் ஓபன் என்ற துறைமுக ஊர், முந்நூறு மைல் இருக்கும். போன் செய்தது நான்தான். தேதியை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்.