வெளி வாங்கில் இருந்தவள்

ஜூன் 19, வியாழன்

சோளகக் காற்று. கொடியில் போட்ட சீலை இரண்டு தரம் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஆட்டுக்குக் குழை இல்லை.

இன்று லோயரிடம் போகிற நாள். விடியவே இவருக்கு முகம் வழித்து விட்டேன். மண்கும்பான் வளைவில் அந்த வான் வண்டி இவருடைய மோட்டார் சைக்கிளை அடித்துப் போட்ட நாளிலிருந்து இது என் வேலை. வலது கை தோளுக்கு மேல் வராது. சட்டைக்குள் கையை நுழைக்க, சீப்பால் தலை இழுக்க, எல்லாம் நான். மற்ற நாளில் "காணும், விடும்" என்பார். இன்றைக்கு "நாடிக்குக் கீழை இன்னும் கிடக்குது" என்கிறார். நீலச் சட்டைதான் வேண்டுமாம்.

லோயர் பெயர் பிருந்தா. முப்பதுக்கு மேல் இராது. வானின் இன்சூரன்ஸ்காரருக்கு எதிராக நட்டஈட்டு வழக்குப் போட்டிருப்பது அவள்தான். இவர் உள்ளே. நான் வெளியே, சுவரோரத்து மர வாங்கில். உள்ளே போனவர் போனவர்தான். ஒரு தரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவருடையது. வீட்டில் கடைசியாக எப்போது சிரித்தவர் என்று யோசித்தேன். பஸ் எங்கள் சுருவிலுக்கு வந்து சேரும் வரை ஞாபகம் வரவில்லை.

"என்ன கேட்டவ?"

"வழக்கு விசயம்."

அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், கோழித்தீன், இவருக்குத் தோளில் பூச நோ எண்ணெய், சவர பிளேட்.

இன்று மட்டும் "பிருந்தா மிஸ் சொன்னவ" என்று வந்தவை: கையைத் தொங்கப் போட வேண்டாம். வெள்ளனப் படுக்க வேணும். மோர் குடிக்க வேணும். மோர் குடியுங்கள் என்று நான் மாசக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் மோர் வேறு, அவள் மோர் வேறு போலிருக்கிறது.

பின்னேரம் அவள் வீட்டுக்குப் போன் எடுத்தாள். இவர் கோயிலடிக்குப் போயிருந்தார். "அக்கா, வாகனச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்குது எண்டு அண்ணை சொன்னவர். அதை டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

ஓம் ஓம் என்றேன். எனக்குத் தெரியவே தெரியாது. என் பக்கத்தில் படுக்கிற மனிசன்.

காதல் கீதல் என்று நான் நினைக்கவில்லை. அப்படியென்றால் ஒரு சண்டையாவது பிடிக்கலாம். அவளுக்கு முழு வசனம் கிடைக்கிறது, எனக்கு "ம்" கிடைக்கிறது. இதற்கு என்னவென்று சண்டை பிடிப்பது. பொறாமை என்று எழுதிவிட்டால் போயிற்று. பொறாமைதான்.

ஜூலை 2, புதன்

நயினாதீவு அம்மனுக்குக் கொடி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் இவர் நினைவில்லாமல் கிடந்தபோது நான் வைத்த நேத்தி ஒன்று இருக்கிறது. பிழைத்து எழும்பினால் தேரன்று இவர் பிரதட்டை பண்ணுவார், வீதி முழுக்க உருண்டு வருவார் என்று. இன்றைக்குச் சொன்னேன்.

"மிஸ்ஸை ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. எனக்கு முன்னாலேயே அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டார். அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "இந்த வருசம் வேண்டாம் அண்ணை. வழக்கு முடியட்டும்."

"அம்மனுக்கும் தவணை போடச் சொல்லுறாவோ?" என்றேன். "உங்களுக்கு உயிரைத் தந்தது அம்மனோ அவவோ?"

போனை மேசையில் வைத்தார். பிறகு "சரி, செய்வம்" என்றார். நான் வென்றேன். புட்டுக்கு மீன் பொரித்தேன்.

ஜூலை 9, புதன். தேர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் முட்டி வழிந்தது. போட்டுக்குள் நிற்கவும் இடமில்லை. கனடாவிலிருந்து வந்திருக்கிற இவருடைய தங்கை நகுலா மச்சாளும் எங்களோடு. போனைக் கீழே வைக்கவில்லை. கடலைப் படம், காகத்தைப் படம்.

இவர் முழுகி, ஈர வேட்டியோடு வெறுந்தரையில் படுத்தார். இரண்டு கையிலும் தேங்காயைப் பிடித்துத் தலைக்கு மேலே நீட்ட வேண்டும். வலது கை வரவில்லை. நான் முழங்கையில் பிடித்துத் தூக்கி நீட்டி விட்டேன்.

"நோகுதோ?"

"இல்லை."

உருண்டார். தேருக்குப் பின்னால், சுடுமணலில், வீதி முழுக்க. முதுகெல்லாம் மண். நான் செம்பில் தண்ணீரோடு பின்னாலே போனேன். சனம் "அரோகரா" சொல்லச் சொல்ல எனக்குக் கண் நிறைந்தது. அவள் வேண்டாம் என்றதை இவர் எனக்காகச் செய்தார். அம்மனுக்காக என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை.

ஜூலை 12, சனி

மழைக்குணம், மழை இல்லை. இவருக்கு இரண்டு மூன்று நாளாக ஆட்டில் திடீர்ப் பாசம். "ஆடு பாக்கப் போறன்" என்று கொட்டிலுக்குள் போனால் மத்தியானம் வரை அங்கேதான். இதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாளோ தெரியாது.

வெண்டிக்காய் நாலு. முட்டை மூன்று.

ஜூலை 17, வியாழன்

மச்சாள் தேரன்று எடுத்த வீடியோவை பேஸ்புக்கில் போட்டிருக்கிறா. "அம்மன் அருளால் அண்ணா பூரண சுகம்" என்று எழுதி. அது இன்சூரன்ஸ்காரரின் லோயர் கைக்குப் போய்விட்டது.

பிருந்தா அவசரமாக வரச் சொன்னாள். முதல் தரமாக என்னையும் உள்ளே கூப்பிட்டாள். சின்ன அறை. இரண்டு கதிரை. இவர் தன் கதிரையில் போய் இருந்த விதத்திலேயே தெரிந்தது, அது இவருடைய கதிரை.

வீடியோவைப் போட்டுக் காட்டினாள். "கை தோளுக்கு மேலை தூக்கேலாது, இனி மேசன் வேலை செய்யேலாது எண்டு நாங்கள் வழக்குப் போட்டிருக்கிறம். இதிலை ரெண்டு கையும் தலைக்கு மேலை கிடக்குது. இதைக் கோட்டிலை காட்டினால் நாங்கள் பொய் சொன்னது மாதிரி ஆகும்."

இவர் வலது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். இந்தக் காசு வந்தால் அச்சில் சீமெந்துக்கல் அரிகிற மெசின் வாங்கி, ஆள் வைத்து முற்றத்தில் கல் அரிவித்து விற்கலாம் என்று இருந்தோம். வேறு வழி ஒன்றும் எங்களிடம் இல்லை.

"கையை நான்தான் தூக்கி விட்டனான்" என்றேன். "நேத்தியும் என்ரை. இவர் வேண்டாமெண்டு நிண்டவர்."

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அதை நீங்கள் கூண்டிலை ஏறிச் சொல்லுவீங்களோ அக்கா?"

"ஓம்."

"பிறகு நொந்தது எண்டு அண்ணை உங்களுக்குச் சொன்னவரோ?"

"இல்லை. நோகேல்லை எண்டவர்."

அவள் இவரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "உருண்டதுக்குப் பிறகு இடுப்பு நாரியிலையிருந்து கழுத்து மட்டும் விறைச்சுப் போச்சாம் அக்கா. நீங்கள் பாத்திடுவீங்களெண்டு ஆட்டுக்கொட்டிலுக்கை போய் இருந்தவராம். திங்கக்கிழமை போனிலை சொன்னவர்."

பஸ்ஸில் நான் முன்சீட். இவர் பின்சீட்.

ஜூலை 18, வெள்ளி

விளைமீன் வாங்கினேன். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கேட்டேன். "எனக்கேன் சொல்லேல்லை?"

"உமக்குச் சொன்னால் நீர் அழுவீர். அவவுக்குச் சொன்னால் அவ எழுதுவா."

அகப்பையைக் கீழே வைத்தேன். உண்மைதானே. "அழமாட்டன், சொல்லுங்கோ" என்றேன். குசினி வாசலில் குந்தியிருந்து சொன்னார். வான் வந்தது, விழுந்து கிடந்தது, எழும்ப ஏலாமல் ஆகாயத்தைப் பார்த்தது, கனவு, எல்லாம். ஒழுங்காக வந்தது. ஒரு தரம் சொல்லிப் பழகின கதை. எந்த இடத்தில் அவள் குறுக்கே கேட்டிருப்பாள் என்றுகூட எனக்கு விளங்கியது. பொறுத்துக்கொண்டு கேட்டேன்.

பிறகு நிறுத்தினார். "இது அவவுக்குச் சொல்லேல்லை" என்றார்.

வலது கையில் சின்னவிரலும் பக்கத்து விரலும் அடிபட்ட நாள் தொட்டு மரத்துப் போய்த்தான் இருக்கிறதாம். தானாகச் சரிவரும் என்று விட்டாராம். தேர் முடிந்து வரும்போது போட் ஆடின பயத்தில் நான் அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு வந்தேனாம். "குனிஞ்சு பாத்தாப் பிறகுதான் நீர் பிடிச்சிருக்கிறது தெரிஞ்சது" என்றார்.

"இதை மட்டும் ஏன் அவவுக்குச் சொல்லேல்லை?"

"அது உம்மடை கையெல்லோ. அங்கை போய் அதை என்னெண்டு சொல்லுறது."

குழம்பு அடிப்பிடித்தது. வெட்கமில்லாமல் சந்தோசமாக இருந்தது எனக்கு. இவருடைய விரல் செத்துக் கிடக்கிறது, நான் சந்தோசப்படுகிறேன். அம்மன் மன்னிக்கட்டும். அழுததை இவர் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

காற்று அடங்கவில்லை. கிணற்றடி வாழை சரிந்துவிட்டது.

அவள் போனில்: "இனி டொக்டர் திரும்பச் சோதிப்பார் அக்கா. விட்டுப்போனது ஏதும் இருந்தால் வியாழக்கிழமை சொல்லுங்கோ. சின்ன விசயமெண்டு நினையாதையுங்கோ."

மேசன் வேலைக்குக் கை போனது ஒன்று, விரலில் உணர்ச்சி போனது வேறொன்று. வீடியோவில் அது தெரியாது. யாரும் பொய் என்று சொல்ல ஏலாது. எனக்கே விளங்குகிறது, அவளுக்கு விளங்காதா.

இவர் சொல்ல மாட்டார். என்னையும் சொல்லச் சொல்லிக் கேட்க மாட்டார். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும். எனக்கென்று இவர் தந்தது இந்த ஒன்றுதான். இதையும் கொண்டுபோய் அவள் மேசையில் வைக்கவேண்டுமா. கூண்டில் ஏறுகிறேன், நேத்தி என் பிழை என்கிறேன், அது காணாதா.

சமைக்க மனமில்லை. பாணும் சம்பலும்.

ஜூலை 24, வியாழன்

முகம் வழித்தேன். நீலச் சட்டை.

இரண்டு பேரும் உள்ளே. "வேறை ஏதும் இருக்கோ அண்ணை?" என்று கேட்டாள். இவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"எந்தெந்த விரல்?" சொன்னேன். "எப்ப தொட்டு?" சொன்னேன். "முழுக்க மரத்தது எண்டு எப்பிடித் தெரிய வந்தது?" இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் நானே சொன்னேன். போட் ஆடினது, நான் பிடித்தது, இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். இது வழக்குக்குப் பெரிய பலம் என்றாள். டொக்டருக்குப் புதுக் கடிதம் தருவாளாம். எழுதி முடித்து ஃபைலை மூடினாள். இனி அதுவும் அவளிடம்தான் இருக்கிறது.